நடக்கும், நடக்கலாம், நடந்தே தீரும்: ஆங்கிலத்தில் உறுதியின் அளவைச் சொல்லும் முறை

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கல்வி அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

25 ஆண்டுகளை நிறைவு செய்யும் இச்சங்கத்தை வாழ்த்துவதற்குத் தகுதியுடையோர் இம்மேடையில் பலர் உள்ளனர். ஆங்கிலம் கற்பிக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், நான் வாழ்த்தோடு நின்றுவிடாமல், உங்களுக்குப் பயன்படக்கூடிய ஒரு பாடத்தையும் தந்துவிட்டுச் செல்ல விரும்புகிறேன். பாடத்தின் பொருள் இதுதான்: ஒரு செயல் நடக்குமா, நடக்காதா என்பதில் நமக்குள்ள உறுதியின் அளவை ஆங்கிலத்தில் எவ்வாறு சொல்வது? பிறர் சொல்லும்போது அதை எவ்வாறு அளந்து அறிவது?

ஆங்கிலத்தில் ஓர் எழுத்து பிழைத்தால் கேட்பவர் நகைப்பார். பொருள் பெரும்பாலும் பிழைக்காது. ஆனால் உறுதியின் அளவைக் காட்டும் சொல் பிழைத்தால் பொருளே மாறிவிடும். வேலைக்கு விண்ணப்பித்த ஓர் இளைஞருக்கு வரும் கடிதத்தில் 'யூ வில் பி கால்ட் ஃபார் ஆன் இன்டர்வியூ' என்றிருந்தால், நேர்முகத் தேர்வுக்கு அவர் அழைக்கப்படுவார் என்று பொருள். 'யூ மே பி கால்ட் ஃபார் ஆன் இன்டர்வியூ' என்றிருந்தால், அழைக்கப்படலாம் என்பது மட்டுமே பொருள், அழைக்கப்படாமலும் போகலாம். வேறுபாடு ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லை நம்பிக் கையிலிருக்கும் வேலையை விடுவதா, வேண்டாவா என்பது ஒரு குடும்பத்தின் அடுப்பைப் பற்றிய கேள்வி.

முதலில் ஓர் அச்சத்தை நீக்கிக்கொள்வோம். இந்த நுட்பம் ஆங்கிலத்திற்கே உரியது, நமக்கு எட்டாதது என்று எவரும் எண்ண வேண்டா. நம் வீட்டில் எழுத்தறியாத பாட்டியும் வானத்தைப் பார்த்து, 'மழை வரும்', 'மழை வரலாம்', 'வந்தாலும் வரலாம்', 'பெரும்பாலும் வராது', 'வரவே வராது' என்று ஐந்து அளவுகளைத் தயக்கமின்றிச் சொல்கிறார். நனைந்த மண்ணைப் பார்த்து, 'இரவு மழை பெய்திருக்க வேண்டும்' என்று ஊகிக்கிறார். ஆகவே படிக்கட்டு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதன் ஒவ்வொரு படிக்கும் ஆங்கிலத்தில் என்ன பெயர் என்பதையே நாம் கற்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். அரசு அலுவலகத்திலிருந்து ஓர் ஆணை வர வேண்டியிருக்கிறது. அது நாளை வருமா?

'தி ஆர்டர் ஈஸ் ஷ்யூர் டு கம் டுமாரோ' என்பது நாளை நிச்சயம் வரும் என்பது. 'ஈஸ் பவுண்ட் டு கம்' என்பது வந்தே தீரும் என்பது. 'தி ஆர்டர் வில் கம்' என்பது வரும் என்பது. 'தி ஆர்டர் ஷுட் கம்' என்பது, முறைப்படி எல்லாம் நடந்திருந்தால் வர வேண்டும் என்பது. 'தி ஆர்டர் ஈஸ் லைக்லி டு கம்', 'தி ஆர்டர் வில் பிராபப்ளி கம்' என்பன பெரும்பாலும் வரும் என்பன. 'தி ஆர்டர் மே கம்' என்பது வரலாம் என்பது. 'தி ஆர்டர் மைட் கம்' என்பது வந்தாலும் வரலாம் என்பது. 'தி ஆர்டர் ஈஸ் அன்லைக்லி டு கம்' என்பது பெரும்பாலும் வராது என்பது. 'தி ஆர்டர் வில் நாட் கம்' என்பது வராது என்பது. இந்த வரிசையை மனத்தில் நிறுத்திக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

இவ்வாக்கியங்களை ஊன்றிப் பார்த்தால் மூன்று அமைப்புகள் புலப்படும். முதலாவது, வினைக்கு முன் துணைவினை வருவது: வில், ஷுட், மே, மைட் முதலியன. இரண்டாவது, 'ஈஸ்' என்பதற்குப் பின் ஒரு பெயரடையும் அதன்பின் 'டு' என்பதும் வருவது: ஈஸ் லைக்லி டு, ஈஸ் ஷ்யூர் டு, ஈஸ் பவுண்ட் டு. மூன்றாவது, 'பிராபப்ளி', 'பெர்ஹாப்ஸ்', 'சர்ட்டன்லி' போன்ற வினையடைகளைச் சேர்ப்பது. இவற்றோடு நான்காவதாகப் பெயர்ச்சொல்லால் சொல்லும் முறையும் உண்டு: 'தேர் ஈஸ் எ சான்ஸ் தட் தி ஆர்டர் வில் கம்', அதாவது ஆணை வர வாய்ப்பு இருக்கிறது என்பது. வாய்ப்பு மிகுதியானால் 'எ குட் சான்ஸ்'. மிகக் குறைவானால் 'லிட்டில் சான்ஸ்'. இங்கே 'லிட்டில்' என்பதைச் 'சிறிதளவு உண்டு' என்று எண்ணி மகிழ்ந்துவிடாதீர்கள். அநேகமாக இல்லை என்பதே அதன் பொருள். கொஞ்சம் வாய்ப்பு உண்டு என்று சொல்ல 'சம் சான்ஸ்' என்பதே ஏற்றது.

இனி, தமிழ் வழியாக ஆங்கிலம் கற்கும் நாம் இடறி விழும் இடங்கள் சிலவற்றைக் காட்டுகிறேன். குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று. 'ஹி லைக்லி டு கம்' என்று எழுதுவது பிழை. 'அவர் ஆசிரியர்' என்று வினையின்றி வாக்கியம் முடிப்பது தமிழின் இயல்பு. ஆங்கிலத்தில் இடையே 'ஈஸ்' நிற்க வேண்டும்: 'ஹி ஈஸ் லைக்லி டு கம்'. மேலும், 'லைக்லி' என்பதற்கும் விரும்புதல் என்னும் பொருளுடைய 'லைக்' என்பதற்கும் இங்கே தொடர்பில்லை. 'ஹி ஈஸ் லைக்லி டு ஃபெயில்' என்றால், தோல்வி அடைய அவர் விரும்புகிறார் என்பதன்று. தோல்வி அடையக்கூடும் என்பதே.

இரண்டு. 'லைக்லி' என்பதை ஆளின்மேல் ஏற்றிச் சொல்வதைப்போல 'பாசிபிள்', 'பிராபபிள்' என்பவற்றைச் சொல்லுதல் கூடாது. 'ஹி ஈஸ் பாசிபிள் டு கம்' என்பது ஆங்கிலமன்று. 'இட் ஈஸ் பாசிபிள் தட் ஹி வில் கம்' என்று 'இட்' என்பதைக் கொண்டே தொடங்க வேண்டும். 'பிராபபிள்' என்பதற்கும் இதே விதி. 'லைக்லி' மட்டும் இரு வழிக்கும் இடம் கொடுக்கும்.

மூன்று. 'மே பி' என்று பிரித்து எழுதினால் அது வினை: 'ஹி மே பி அட் ஹோம்', அவர் வீட்டில் இருக்கலாம். 'மேபி' என்று சேர்த்து எழுதினால் அது 'ஒருவேளை' என்னும் பொருளுடைய வினையடை: 'மேபி ஹி ஈஸ் அட் ஹோம்', ஒருவேளை அவர் வீட்டில் இருக்கிறார். ஒன்றின் இடத்தில் மற்றொன்று வாராது.

நான்கு. 'ஹி ஈஸ் ஷ்யூர் டு பாஸ்' என்றால் அவர் தேறுவார் என்பதில் சொல்பவருக்கு உறுதி இருக்கிறது. 'ஹி ஈஸ் ஷ்யூர் ஆஃப் பாஸிங்' என்றால் தேறுவோம் என்ற உறுதி தேர்வு எழுதியவருக்கு இருக்கிறது. சொல்பவர் அதை நம்பாமலும் இருக்கலாம்.

ஐந்து. 'அவர் வரமாட்டார் என்று நினைக்கிறேன்' என்பது நம் வழக்கு. ஆங்கிலத்தில் எதிர்மறையை முன்னால் கொண்டுவந்து, 'ஐ டு நாட் திங்க் ஹி வில் கம்' என்பதே இயல்பான நடை. அதுபோல, 'பிராபப்ளி' என்பது 'வில்' என்பதற்குப் பின்னால் வரும். ஆனால் எதிர்மறைச் சுருக்கமாகிய 'வோன்ட்' வந்தால் அதற்கு முன்னால் நிற்கும்: 'ஹி வில் பிராபப்ளி கம்'. 'ஹி பிராபப்ளி வோன்ட் கம்'.

ஆறாவதே யாவற்றினும் முக்கியமானது. இதனைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

தமிழில் 'வேண்டும்' என்னும் சொல் இரு வேலைகளைச் செய்கிறது. 'நீ போக வேண்டும்' என்பது கடமை. 'விளக்கு எரிகிறது, அவர் வீட்டில் இருக்க வேண்டும்' என்பது ஊகம். ஆங்கிலத்தில் 'மஸ்ட்' என்பதும் இப்படியே இரு வேலை செய்கிறது: 'யூ மஸ்ட் கோ' என்பது கடமை, 'ஹி மஸ்ட் பி அட் ஹோம்' என்பது ஊகம். இந்த அளவில் இரு மொழியும் ஒத்துச் செல்கின்றன. இந்த ஊகத்திற்கு எதிர்மறையாக 'மஸ்ட் நாட் பி' என்று சொல்லுதல் கூடாது. அது தடை விதிப்பதாகிவிடும். 'வீட்டில் இருக்க முடியாது' என்று ஊகிக்க, 'ஹி கேன்னாட் பி அட் ஹோம்' என்க.

ஆனால் இறந்தகாலத்திற்கு வந்ததும் இரு மொழிகளும் பிரிகின்றன. 'அதிகாரி நேற்று வந்திருக்க வேண்டும்' என்ற தமிழ் வாக்கியத்திற்கு இரு பொருள் உண்டு. அவர் வந்திருப்பார் என்று நான் ஊகிக்கிறேன் என்பது ஒன்று. வருவது அவர் கடமை, ஆனால் வரவில்லை என்பது மற்றொன்று. எது பொருள் என்பதைப் பேசும் குரலும் சூழலும் நமக்குக் காட்டிவிடும். ஆங்கிலத்தில் இவ்விரண்டும் வெவ்வேறு வாக்கியங்கள். 'தி ஆபீசர் மஸ்ட் ஹேவ் கம் எஸ்டர்டே' என்றால், அவர் வந்திருப்பார் என்ற ஊகம். 'தி ஆபீசர் ஷுட் ஹேவ் கம் எஸ்டர்டே' என்றால், வந்திருக்க வேண்டியவர் வரவில்லை என்ற குறை.

நம் தெருவுக்கு வர வேண்டிய அதிகாரி வரவில்லை என்று மேலிடத்துக்கு ஒரு மனு எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஷுட் ஹேவ் கம்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'மஸ்ட் ஹேவ் கம்' என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? அவர் வந்திருப்பார் என்று நாமே நம் கையெழுத்தின்மேல் சான்று கொடுத்தவர்கள் ஆவோம். குறை சொல்ல எழுதிய மனு, குறை இல்லை என்று சொல்லும் மனுவாக மாறிவிடும். ஒரு துணைவினையின் எடை அவ்வளவு.

'இத்தனை நுணுக்கம் தேவையா? பெரிய இடங்களில் இருப்பவர்கள் இவ்வளவு பார்க்கிறார்களா?' என்று நீங்கள் கேட்கலாம். பார்க்கத் தவறிய ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 1951-ஆம் ஆண்டில் யுகோஸ்லாவியா நாட்டின்மீது படையெடுப்பு நிகழுமா என்று அமெரிக்க உளவுத்துறையின் மதிப்பீட்டுக் குழு ஓர் அறிக்கை தயாரித்தது. 'சீரியஸ் பாசிபிலிட்டி' உண்டு என்பது அதன் முடிவு. அக்குழுவைச் சேர்ந்த ஷெர்மன் கென்ட் என்ற வரலாற்றறிஞரிடம் அச்சொல்லின் அளவு என்னவென்று கேட்கப்பட்டது. 100-க்கு 65 என்பது தம் கருத்து என்றார் அவர். பிறகு தம் குழுவினரை ஒவ்வொருவராகக் கேட்டபோது, 100-க்கு 20 என்று கருதியவரும் இருந்தனர்; 80 என்று கருதியவரும் இருந்தனர். ஒரே சொல்லுக்கு எல்லாரும் ஒப்புதல் அளித்திருந்தனர். ஆனால் ஒவ்வொருவர் மனத்திலும் ஒவ்வோர் அளவு இருந்தது. கென்ட் இதனை 1964-இல் ஒரு கட்டுரையாக எழுதினார்.

இக்குறையை நீக்க எண்ணியே, தட்பவெப்ப மாற்றம் பற்றிய பன்னாட்டு அரசுகளின் குழு தன் அறிக்கைகளில் சொற்களுக்கு எண்ணால் அளவு வகுத்துள்ளது. அங்கே 'லைக்லி' என்றால் 100-க்கு 66-க்குக் குறையாத வாய்ப்பு. 'வெரி லைக்லி' என்றால் 90-க்குக் குறையாதது. 'அன்லைக்லி' என்றால் 33-க்கு மேற்படாதது. அன்றாட ஆங்கிலத்தில் இத்தகைய எண்கள் இல்லை. ஆனால் வரிசை உண்டு. அவ்வரிசையை அறிந்தவரை எவரும் எளிதில் ஏமாற்ற இயலாது.

சட்டத்திற்கு வருவோம். ஒரு செய்தி உண்மையாக இருக்கக்கூடும் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்வதற்கும் இத்தகைய படிகள் உண்டு. 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் மூன்று படிகளை வகுத்தது. 'மே பிரிசூம்' என்றால் நீதிமன்றம் அவ்வாறு அனுமானிக்கலாம். அன்றி, மெய்ப்பிக்கும்படி கேட்கலாம். 'ஷால் பிரிசூம்' என்றால், மாறாக மெய்ப்பிக்கப்படும் வரையில், நீதிமன்றம் அவ்வாறு அனுமானித்தே ஆக வேண்டும். மூன்றாவது 'கன்க்ளூசிவ் புரூஃப்', அதாவது மறுத்துச் சான்று காட்டவே இடமில்லாத முடிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இம்மூன்று படிகளும் இருக்கின்றன.

இதில் நமக்கென்ன என்று கேட்பீர்களாயின், நமக்கே உரியது இதுதான் என்பேன். தீண்டாமைக் குற்றத்துக்கு எதிரான 1955-ஆம் ஆண்டுச் சட்டம் இன்று குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் பெற்றுள்ளது. அதன் 12-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். அச்சட்டத்தின்படி குற்றமாகும் ஒரு செயல் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவருக்கு எதிராகச் செய்யப்பட்டிருப்பின், அது தீண்டாமையின் காரணமாகவே செய்யப்பட்டது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். இல்லை என்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும். அங்கே நிற்கும் சொல் 'ஷால் பிரிசூம்'. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 8-ஆம் பிரிவிலும் அதே சொல் நிற்கிறது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ குற்றம் சாட்டப்பட்டவர் நேரில் அறிந்தவராயின், அவருடைய சாதியையும் அறிந்திருந்தார் என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். இவ்விடங்களில் 'ஷால்' என்பதற்குப் பதிலாக 'மே' என்று எழுதப்பட்டிருந்தால், சான்று தேடி அலையும் சுமை மீண்டும் அடிபட்டவர் தோளின்மேலேயே விழுந்திருக்கும். அந்த ஒரு சொல்லின் எடையை அறிந்தவரே தம் உரிமையின் எடையை அறிவார்.

இச்சொற்களை எடைபோட்டு ஆண்டவர்களுள் அண்ணல் அம்பேத்கருக்கு இணை சொல்வது அரிது. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அவர் ஆற்றிய உரையை ஆங்கிலத்திலேயே படியுங்கள். அரசியலமைப்பு எத்துணை நல்லதாயினும் அதை நடத்துவோர் தீயோராயின் அது தீயதாய் முடியும் என்றும், எத்துணைக் குறையுடையதாயினும் நடத்துவோர் நல்லோராயின் அது நல்லதாய் அமையலாம் என்றும் அவர் அங்கே கூறுகிறார். தமிழில் படிப்போர் இவ்விரண்டையும் சம எடையுள்ள இரு தட்டுகளாக எண்ணிவிடக்கூடும். ஆங்கில மூலத்தில் அப்படியில்லை. தீயோர் கையில் அகப்பட்டால் கெடும் என்ற இடத்தில் அவர் ஆண்ட சொல் 'ஷ்யூர் டு'. நல்லோர் கையில் நன்மையாகும் என்ற இடத்தில் அவர் ஆண்ட சொல் 'மே'. கெடுவது உறுதி, நன்றாவது கூடும், அவ்வளவே. நல்லோர் நடத்தினாலே போதும் என்று அவர் நமக்கு வாக்குறுதி தரவில்லை. விழிப்பாயிருங்கள் என்ற எச்சரிக்கை முழுவதும் அந்த 'மே' என்னும் சிறு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. இலக்கணம் அறியாதவர் கண்ணுக்கு அது படாது. தலைவர்களின் கருத்தை அவர்கள் எழுதிய மொழியிலேயே சென்று காணும் ஆற்றல் நம் பிள்ளைகளுக்கு வர வேண்டும் என்று நான் விரும்புவது இதனாலேதான்.

இறுதியாக, மாணவச் செல்வங்களே, உங்கள் வாயிலிருந்து வரும் சொற்களைப் பற்றி ஒன்று. பல தலைமுறைகளாக நம் மக்கள் தலைகுனிந்து பேசும்படி பழக்கப்பட்டவர்கள். 'செய்வேன்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'செய்யலாமுங்க' என்று சொல்லும் பழக்கம் அதன் எச்சம். அதையே ஆங்கிலத்தில் பெயர்த்து, நேர்முகத் தேர்வில் 'ஐ மே டூ திஸ் ஒர்க்' என்று சொன்னால், செய்தாலும் செய்வேன், செய்யாமலும் இருப்பேன் என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். உங்களால் முடியுமாயின் 'ஐ கேன் டூ இட்' என்று சொல்லுங்கள். 'இஃப் ஐ காட் திஸ் ஜாப், ஐ வுட் ஒர்க் ஹார்ட்' என்றால், கிடைக்காது என்று நீங்களே முடிவு செய்துவிட்டதைப் போன்ற தொனி அதில் உண்டு. 'இஃப் ஐ கெட் திஸ் ஜாப், ஐ வில் ஒர்க் ஹார்ட்' என்பது கிடைக்கக்கூடியது என்று கருதிச் சொல்வது. தகுதியுடையவர் இரண்டாவதைச் சொல்லக் கூச வேண்டியதில்லை.

அதே வேளையில், அறியாததை அறிந்ததுபோல் 'வில்' என்றும் 'ஷ்யூர்' என்றும் அடித்துச் சொல்வதும் தவறு. சாட்சிக் கூண்டில் நிற்கும்போது கண்டதைக் கண்டேன் என்றும், ஊகத்தை ஊகம் என்றும் பிரித்துச் சொல்பவரின் சொல் எளிதில் உடையாது. இருப்பதைக் குறைத்துச் சொல்லாமையும், இல்லாததைக் கூட்டிச் சொல்லாமையும் ஆகிய இவ்விரண்டுமே இப்பாடத்தின் பயன்.

சங்கத்தின் இரவுப் பாடசாலைக்கும் நூலகத்துக்கும் வருவோர்க்கு ஒரு பயிற்சி சொல்லி முடிக்கிறேன். நாள்தோறும் ஆங்கில நாளிதழிலிருந்து ஒரு செய்தியையும் ஒரு வேலைவாய்ப்பு அறிவிப்பையும் எடுங்கள். வில், லைக்லி, மே, மைட் முதலிய சொற்களின்கீழ்க் கோடிடுங்கள். ஒவ்வொன்றையும் ஒரு படி ஏற்றியும் ஒரு படி இறக்கியும் எழுதிப் பாருங்கள். பொருள் எவ்வாறு மாறுகிறது என்று இருவர் மூவராக அமர்ந்து பேசுங்கள். மூத்தவர் இளையவருக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். மூன்று மாதம் இடைவிடாது செய்தால், கையெழுத்திடும் எந்தத் தாளையும் நீங்கள் அளந்து படிக்கும் திறம் பெறுவீர்கள்.

அத்திறம் உங்களுக்கு வரும் என்பதை 'மே' போட்டு அன்று, 'வில்' போட்டே சொல்கிறேன்.